இவ்வளவுதானா: ஒரு கேரேஜ் ராக் ஆல்பத்தைப் புதிதாகக் கேட்பவருக்கு

ஸ்ட்ரோக்ஸ் என்ற நியூ யார்க் ராக் குழுவின் முதல் ஆல்பத்தை, நண்பர் ஒருவர் படியெடுத்துக் கொடுத்த குறுந்தகட்டில்தான் நான் முதன்முதலாகக் கேட்டேன். இரண்டாம் பாட்டு முடிவதற்குள் எழுந்துபோய் ஸ்பீக்கரின் பின்புறத்து ஒயரைப் பிடுங்கி மறுபடியும் செருகிப் பார்த்தேன். பாடகரின் குரல், பழைய தொலைபேசியில் யாரோ தூக்கக் கலக்கத்தோடு பேசுவதுபோல் கரகரத்துக்கொண்டிருந்தது. ஒயரில் பழுதில்லை. தகட்டைச் சட்டை நுனியால் துடைத்துப் போட்டேன். கரகரப்பு அப்படியே இருந்தது. மறுநாள் நல்ல பிரதி ஒன்று வேண்டும் என்று கேட்டபோது நண்பர் சிரித்தார். "பிரதி நல்லாத்தான் இருக்கு. அவங்க வேணும்னேதான் அப்படிப் பாடியிருக்காங்க."

அந்த ஆல்பத்தின் பெயர் 'இஸ் திஸ் இட்'. 'இவ்வளவுதானா' என்று தமிழில் சொல்லலாம். கேள்விக்குறிகூடப் போடாமல் அச்சிட்டிருக்கிறார்கள். புதிதாகக் கேட்பவர் பெரும்பாலோர் முதல் தடவை முடித்ததும் இதே கேள்வியைத்தான் கேட்கிறார்கள். இதில் என்ன இருக்கிறது என்று தேடுவதைவிட, எதையெல்லாம் சேர்க்காமல் விட்டிருக்கிறார்கள் என்று கவனித்தால் இந்த ஆல்பம் விரைவில் பிடிபடும் என்பது என் அனுபவம். கேரேஜ் ராக் வகையையே இதுவரை கேட்டிராத ஒருவர், இந்த ஒரே ஆல்பத்தை வைத்துக்கொண்டு எப்படிப் படிப்படியாகப் பழகலாம் என்பதைக் கீழே எழுதியிருக்கிறேன்.

முதலில், 'கேரேஜ்' என்ற சொல்

அமெரிக்கப் புறநகர் வீடுகளை ஒட்டிக் கார் நிறுத்துவதற்காகக் கட்டப்பட்ட அறைதான் கேரேஜ். 1960-களில் பள்ளி வயதுப் பையன்கள் நாலைந்து பேர் மலிவான கிட்டார்களோடும் ஒரு டிரம்ஸோடும் அங்கே கூடி, அக்கம்பக்கத்தார் பொறுக்கும் வரை வாசித்தார்கள் என்பதால், அந்த இசைக்குப் பிற்காலத்தில் அந்த இடத்தின் பெயரே நிலைத்துவிட்டது. இதற்கு மாதிரியாக எப்போதும் காட்டப்படுவது, கிங்ஸ்மென் குழு 1963 ஏப்ரலில் ஒரேகான் மாநிலத்துப் போர்ட்லண்ட் நகரில் பதிவு செய்த 'லூயி லூயி'. மைக் உயரத்தில் தொங்கவிடப்பட்டிருந்ததால் பாடகர் ஜாக் ஈலி அண்ணாந்து கத்திப் பாட வேண்டியிருந்தது. போதாக்குறைக்குப் பல்லில் கம்பி வேறு கட்டியிருந்தார். கிட்டாரின் தனி வாசிப்பு முடிந்ததும் அவர் கொஞ்சம் முந்திக்கொண்டு பாடத் தொடங்கி, தவறை உணர்ந்து சட்டென்று நிறுத்த, டிரம்ஸ் வாசிப்பவர் கையோடு ஓர் உருட்டல் போட்டு அந்த இடைவெளியை மூடுகிறார். இதையெல்லாம் திருத்தாமல் அப்படியே வெளியிட்டார்கள். பாட்டின் வரிகளில் ஆபாசம் இருப்பதாகப் புகார் வந்து, அமெரிக்க மத்தியப் புலனாய்வு அமைப்பான எஃப்பிஐ நெடுநாள் விசாரித்து, எந்த வேகத்தில் ஓட்டிக் கேட்டாலும் வரிகள் புரியவில்லை என்று கோப்பை மூடிற்று. ஆங்கிலம் சரியாக விளங்கவில்லையே என்று தயங்கும் தமிழ் வாசகருக்கு இதைவிட நல்ல ஆறுதலை என்னால் தர முடியாது.

அதே வட்டாரத்தில், வாஷிங்டன் மாநிலத்து டகோமா நகரிலிருந்து வந்த சோனிக்ஸ் குழு 1965-இல் வெளியிட்ட முதல் ஆல்பத்தில், இரண்டே தடங்கள் கொண்ட பதிவுக் கருவியும் டிரம்ஸுக்கு ஒற்றை மைக்கும்தான் பயன்பட்டன. இப்படிச் சிதறிக் கிடந்த சிறு குழுக்களின் பாட்டுகளில் 27-ஐ லென்னி கே என்பவர் தொகுத்து, 1972-இல் எலெக்ட்ரா நிறுவனம் 'நக்கெட்ஸ்' என்ற பெயரில் வெளியிட்ட பிறகுதான், இது தனி வகை என்ற உணர்வே பரவலாக வந்தது. இந்த வரலாற்றில் இப்போதைக்கு ஒன்றை மட்டும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்: அந்தப் பையன்களுக்குக் கருவியும் காசும் இல்லாததால் ஒலி கரடுமுரடாக வந்தது, 2001-இல் ஸ்ட்ரோக்ஸ் குழுவுக்கு அந்த நெருக்கடி இல்லை, கரடுமுரடை அவர்களே தேர்ந்தெடுத்தார்கள்.

எந்தப் பதிப்பு, எதில் கேட்பது

ஆல்பத்தைத் தேடி எடுத்ததும் ஒன்பதாவது பாட்டின் பெயரைப் பாருங்கள். 2001 ஜூலை இறுதியில் ஆஸ்திரேலியாவிலும் ஆகஸ்டு இறுதியில் பிரிட்டனிலும் வெளியான பதிப்பில் அந்த இடத்தில் 'நியூ யார்க் சிட்டி காப்ஸ்' இருக்கிறது. நியூ யார்க் காவலர்கள் அவ்வளவு புத்திசாலிகள் அல்லர் என்று அதன் பல்லவி கேலி செய்கிறது. அமெரிக்காவில் செப்டம்பர் கடைசியில் குறுந்தகடு வெளியாக இருந்தது. செப்டம்பர் 11 தாக்குதலில் நகரக் காவலர்கள் பலர் உயிரிழந்த நிலையில் அந்தக் கேலியைக் கடைக்கு அனுப்பக் குழுவினருக்கு மனம் வரவில்லை. அந்தப் பாட்டை எடுத்துவிட்டு 'வென் இட் ஸ்டார்ட்டட்' என்ற வேறு பாட்டைச் சேர்த்து அக்டோபர் 9-இல் வெளியிட்டார்கள். முகப்பும் இரண்டு விதமாக இருக்கும். பெண்ணின் இடுப்பில் கையுறை அணிந்த கை பதிந்திருக்கும் கறுப்பு வெள்ளைப் படம் காலின் லேன் எடுத்தது. நீலமும் ஆரஞ்சுமாகக் கோடுகள் சுழலும் அமெரிக்க முகப்பில் இருப்பவை இயற்பியல் ஆய்வுக்கூடத்தில் நுண்துகள்கள் விட்டுச்சென்ற தடங்கள். எந்தப் பதிப்பானாலும் பாடம் ஒன்றுதான். ஆனாலும் இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வாய்த்தால் முந்தியதை எடுங்கள். மாற்றாகச் சேர்த்த பாட்டு மோசமில்லை என்றாலும், அகற்றப்பட்ட பாட்டில் இருக்கும் துடுக்கு அதில் இல்லை.

கைபேசியின் சொந்த ஸ்பீக்கரில் மட்டும் கேட்காதீர்கள். இதை நான் நாகரிகத்துக்காகச் சொல்லவில்லை. அந்தச் சிறிய ஸ்பீக்கரில் கீழ்ச்சுருதி ஒலிகள் கிட்டத்தட்ட வருவதே இல்லை. இந்த ஆல்பத்திலோ பாதிப் பாட்டுகளில் மெட்டைச் சுமந்து செல்வது பேஸ் கிட்டார்தான். விலை குறைந்த ஹெட்போனாக இருந்தாலும் போதும். பாட்டு வரிசையைக் கலைத்துப் போடும் ஷஃபிள் வசதியையும் நிறுத்திவிடுங்கள்.

முதல் சுற்று

முழு ஆல்பமும் சுமார் 36 நிமிடம். 11 பாட்டுகளில் எதுவும் 4 நிமிடத்தைத் தொடவில்லை. அதனால் முதல் தடவை நடுவில் எங்கும் நிறுத்தாமல், வரிகளைத் தேடிப் படிக்காமல், ஒரு மாலை நடைக்கு எடுத்துச் செல்வதுபோல் கேட்டு முடித்துவிடுங்கள். பிடித்ததா பிடிக்கவில்லையா என்ற தீர்ப்பை அன்றைக்கே எழுத வேண்டாம்.

இந்தச் சுற்றில் உங்களுக்குக் கிட்டத்தட்ட நிச்சயமாக ஓர் ஏமாற்றம் வரும். அதற்குக் காரணம் உண்டு. நம் காது திரைப்பாட்டில் வளர்ந்தது. பல்லவிக்கும் சரணத்துக்கும் நடுவில் இடையிசை வந்ததும், இம்முறை வயலின் வருமா, புல்லாங்குழல் வருமா என்று புதிய வாத்தியம் ஒன்றை அது தானாகவே எதிர்பார்க்கத் தொடங்கிவிடுகிறது. இங்கே யாரும் புதிதாக வருவதில்லை. தொடங்கியபோது இருந்த அதே இரண்டு கிட்டார், ஒரு பேஸ், ஒரு டிரம்ஸ், ஒரு குரல் ஆகியவையே கடைசிவரை இருக்கின்றன. கீபோர்டு இல்லை, அடுக்கடுக்கான கூட்டுக் குரல்களும் இல்லை. பத்தாவது பாட்டுக்கு வரும்போது எல்லாம் ஒரே பாட்டுப்போலத் தோன்றினால் கவலைப்பட வேண்டாம். வெளிச்சத்திலிருந்து இருட்டறைக்குள் நுழைந்தவருக்குக் கண் பழகச் சற்று நேரம் எடுப்பதுபோல்தான் இதுவும்.

இரண்டாம் சுற்று: ஒரே பாட்டு, ஐந்து தடவை

இந்த வழிகாட்டியில் நீங்கள் ஒரே ஒரு பகுதியைத்தான் செய்து பார்ப்பீர்கள் என்றால் இதைச் செய்யுங்கள். ஏழாவது பாட்டான 'லாஸ்ட் நைட்' என்பதை மட்டும் எடுத்துக்கொண்டு, ஹெட்போன் மாட்டி, ஒவ்வொரு தடவையும் ஒரே ஒருவரைப் பின்தொடர்ந்து கேளுங்கள். பாட்டு மூன்று நிமிடத்துக்குச் சற்றுக் கூடுதல் என்பதால் ஐந்து தடவைக்கும் சேர்த்து கால் மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேலே ஆகும்.

முதல் தடவை, தொடக்கத்தில் தனியாக வரும் கிட்டாரைப் பிடித்துக்கொள்ளுங்கள். ஒரே ஸ்வரத்தை மேலும் கீழுமாக இடைவிடாமல் மீட்டிக்கொண்டு, ஏதோ கதவு திறப்பதற்காகக் காலைத் தட்டிக் காத்திருப்பவரைப்போல் நிற்கிறது. சில கணங்களில் மற்றவர்கள் வந்து சேர்ந்த பிறகு, அந்தக் கிட்டார் எங்கே போனது என்று தேடுங்கள். அது எங்கும் போகவில்லை. மற்றவை அதன் மேல் ஏறி நிற்பதால் அடித்தளம்போல் கீழே இறங்கிவிட்டது.

இரண்டாம் தடவை, இன்னொரு கிட்டாரைக் கேளுங்கள். நிக் வாலென்சி, ஆல்பர்ட் ஹாமண்ட் ஜூனியர் என்ற இந்த இருவரில் யார் 'முதன்மை', யார் 'துணை' என்று வழக்கமான ராக் குழுவில் பிரிப்பதுபோல் எளிதாகப் பிரிக்க முடியாது. ஒருவர் கோர்வையாக மீட்டும்போது மற்றவர் விட்டுவிட்டு வெட்டுகிறார். ஒருவர் நிறுத்தும் இடத்தில் மற்றவர் நுழைகிறார். எங்கும் இருவரும் ஒரே சமயத்தில் ஒரே இடத்தை அடைத்துக்கொண்டு நிற்பதில்லை. பாட்டின் பாதியைக் கடந்ததும் வருகிற தனி வாசிப்பு ஹாமண்டுடையது. ப்ளூஸ் பாணியில் நரம்பை வளைத்து, திறமையைக் காட்டிக்கொள்வதற்கு முன்பே முடித்துவிடுகிறார்.

மூன்றாவது தடவைக்கு நிகோலாய் ஃப்ரேச்சரின் பேஸ். நான்காவதற்கு ஃபாப்ரிஸியோ மொரெட்டியின் டிரம்ஸ். இங்கே அலங்கார உருட்டல்கள் எத்தனை வருகின்றன என்று எண்ணிப் பாருங்கள், விரல்கள் மிஞ்சும். ஐந்தாம் தடவைதான் பாடகர் ஜூலியன் காசாபிளாங்காஸ். ஆல்பத்தின் பாட்டுகள் அனைத்தையும் எழுதியவர் அவரே. கிட்டார் வரிகளைக்கூட முன்கூட்டியே தீர்மானித்து இன்னின்ன இடத்தில் இன்னது என்று வகுத்துக் கொண்டுவருபவர் என்பதால், கேட்பதற்குப் பையன்கள் கூடிக் கும்மாளம் போட்டதுபோல் இருக்கும் இந்தப் பாட்டில் தற்செயல் என்று எதுவும் இல்லை.

இதை முடித்தபின் ஆல்பத்தின் இரண்டாம் பாட்டான 'தி மாடர்ன் ஏஜ்' என்பதற்குப் போய்ப் பாருங்கள். ஒரு மணி நேரத்துக்கு முன் இரைச்சலாக இருந்த இடத்தில் ஐந்து பேர் தனித்தனியாக நிற்பது தெரியும்.

குரலின் கரகரப்பு

என் குறுந்தகட்டைத் துடைக்கவைத்த அந்தக் குரலுக்கு வருவோம். பாடுபவரின் மைக்கிலிருந்து வரும் ஒலியை நேராகப் பதிவு செய்வதே ஸ்டுடியோ வழக்கம். இங்கே அதை முதலில், கிட்டார் பழகுபவர்கள் படுக்கையறையில் வைத்துக்கொள்ளும் சின்னஞ்சிறு பீவி ஆம்ப் (ஒலியைப் பெருக்கித் தரும் ஸ்பீக்கர் பெட்டி) ஒன்றுக்குள் செலுத்தி, அந்த ஆம்ப்பின் ஸ்பீக்கர் முன்னால் இன்னொரு மைக்கை வைத்துப் பிடித்திருக்கிறார்கள். அந்தச் சிறிய ஸ்பீக்கரால் குரலின் அடிப்பகுதியையும் நுனிப்பகுதியையும் தாங்க முடியாது. நடுப்பகுதி மட்டும் நசுங்கி, ஓரங்கள் சிராய்ந்து வெளியே வரும். இதனால் இரண்டு பயன்கள். முதலாவது, காசாபிளாங்காஸின் உண்மையான குரல் இனிமையானது, சற்றுக் கனமானது. அதை அப்படியே விட்டிருந்தால் பாட்டு முழுவதையும் மூடியிருக்கும். இரண்டாவது, குரலின் மேற்சுருதியும் கீழ்ச்சுருதியும் விலகிக்கொண்ட இடத்தில் கிட்டார்களுக்கும் பேஸுக்கும் இருக்கை கிடைக்கிறது.

இதை நம்பாதவர்கள் கைபேசியில் உள்ள ஈக்வலைசரைத் திறந்து, தங்களுக்குப் பிடித்த வேறு ஏதேனும் பாட்டில் தாழ்ந்த ஒலிகளையும் உயர்ந்த ஒலிகளையும் முழுவதுமாக இறக்கிவிட்டு நடுவை மட்டும் ஏற்றிக் கேட்கலாம். மிகச் சரியாக இதே ஒலி வராது. ஆனால் ஆள் திடீரென்று அடுத்த அறைக்குப் போய்விட்டதுபோல் தோன்றும் அந்த உணர்வு வரும்.

டிரம்ஸுக்கு 'ஹார்ட் டு எக்ஸ்ப்ளெய்ன்' என்ற எட்டாவது பாட்டு. இயந்திரம் வாசிப்பதுபோல் ஒரே அளவில், ஒரே அழுத்தத்தில் விழுகிறது. உண்மையில் மொரெட்டிதான் கையால் வாசிக்கிறார், ஒலியைப் பிறகு பிழிந்து இறுக்கி இயந்திரத்தைப்போல் ஆக்கியிருக்கிறார்கள். பெரிய ஸ்டுடியோக்களில் ஒரு டிரம்ஸைச் சுற்றிப் பத்துப் பன்னிரண்டு மைக் நிறுத்துவது சாதாரணம். இந்த ஆல்பத்தில் பெரும்பாலும் மூன்றே மைக். பாட்டின் நடுவில் எல்லாம் சட்டென்று அறுந்து ஒரு கணம் வெறும் மௌனமாகி மறுபடி தொடங்கும் இடம் ஒன்று இருக்கிறது. பழக்கப்பட்ட பிறகும் அந்த இடத்தில் எனக்குக் கை தானாகவே ஒயர் பக்கம் போகிறது.

வரிகளை இந்தக் கட்டத்துக்குப் பிறகு படித்தால் போதும். இரவுக் கூடங்கள், அரைகுறைக் காதல், விளக்கம் சொல்ல முடியாத சலிப்பு என்று இருபது வயதின் விஷயங்கள்தாம் அவை. சில நன்றாக இருக்கின்றன. 'பேர்லி லீகல்' பாட்டின் வரிகள் எனக்கு ஒருபோதும் பிடித்ததில்லை. அதன் மெட்டு மட்டும் அவற்றுக்குத் தகுதிக்கு மீறியது.

இது பதிவான நிலவறை

எப்படிப் பதிவானது என்று தெரிந்தால் கேட்பதில் என்ன மாறும் என்று சிலர் நினைக்கலாம். இந்த ஆல்பத்தைப் பொறுத்தவரை நிறையவே மாறும்.

குழு 1998-இல் நியூ யார்க்கில் உருவானது. பதிவின்போது ஐவருக்கும் வயது 20 முதல் 22 வரை. கோர்டன் ராஃபேல் என்ற சியாட்டில்காரர் கீழ்க்கிழக்கு மன்ஹாட்டனில் ஒரு சிறு கூடத்தில் அவர்களைக் கேட்டுவிட்டு, தம் ஸ்டுடியோவுக்கு அழைத்து மூன்று நாளில் மூன்று பாட்டுகளைப் பதிவு செய்தார். லண்டனின் ரஃப் டிரேட் நிறுவனம் 2001 ஜனவரியில் அவற்றைச் சிறு தட்டாக வெளியிட்டதும் பிரிட்டனில் பரபரப்பு எழுந்தது. பெரிய நிறுவனங்கள் போட்டியிட்டு, ஆர்சிஏ ஒப்பந்தம் செய்துகொண்டது. முழு ஆல்பத்தை முதலில் கில் நார்ட்டன் என்ற பெயர்பெற்ற தயாரிப்பாளரிடம்தான் தொடங்கினார்கள். அவர் பிக்ஸீஸ் குழுவின் ஆல்பங்களைச் செய்தவர், திறமைசாலி. ஆனால் வந்த ஒலி மெருகேறி வழுவழுப்பாக இருந்தது என்று குழு அதை ஒதுக்கிவிட்டுத் திரும்பவும் ராஃபேலிடமே வந்தது.

ராஃபேலின் இடத்துக்கு டிரான்ஸ்போர்ட்டராம் என்று பெயர். ஈஸ்ட் வில்லேஜ் பகுதியில் ஒரு கட்டடத்தின் நிலவறை. அங்கே 2001 மார்ச், ஏப்ரல் மாதங்களில் சுமார் ஆறு வாரம் வேலை செய்தார்கள். ஐவரும் ஒன்றாக நின்று வாசித்ததையே பெரும்பாலும் ஒரே ஓட்டத்தில் பதிவு செய்தார்கள். பழைய காலத்து ஒலி என்பதால் பழைய காலத்து டேப் என்று நினைத்துவிட வேண்டாம். கணினியில் ப்ரோ டூல்ஸ் மென்பொருளில்தான் எல்லாம் பதிவாயின. வழுவழுப்பாக்கும் வசதி ஒவ்வொன்றும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க, அதைத் தொடாமல் இருந்திருக்கிறார்கள். கிங்ஸ்மென் குழுவுக்குத் தவறைத் திருத்தப் பணமில்லை. இவர்கள் எதைத் திருத்தக் கூடாது என்று நாள்கணக்காக விவாதித்தார்கள். ஒன்று வறுமை, இன்னொன்று விரதம். வயிறு காய்வது இரண்டிலும் ஒன்றுபோலத்தான் கேட்கிறது.

நீங்களும் வாசிப்பவராக இருந்தால்

நண்பர்களோடு சேர்ந்து குழு ஒன்று தொடங்கி, முதல் பதிவை இந்த முறையில் செய்து பார்க்க விரும்புவோருக்குச் சில வார்த்தைகள். மைக்குக்கு முன் ஒத்திகை. ஸ்ட்ரோக்ஸ் குழு மன்ஹாட்டனின் ம்யூசிக் பில்டிங் என்ற கட்டடத்தில் ஓர் அறையை வாடகைக்குப் பிடித்து, இரவெல்லாம் அதே பாட்டுகளைத் திரும்பத் திரும்ப வாசித்துத் தேய்த்த பிறகே ஸ்டுடியோவுக்குள் நுழைந்தது. ஒரு பாட்டைத் தொடக்கம் முதல் முடிவு வரை மூன்று முறை தொடர்ந்து இடறாமல் வாசிக்க முடிகிறதா என்று சோதித்துவிட்டுப் பதிவைத் தொடங்குங்கள். பிறகு, ஒரே அறையில் எல்லோரும் நிற்க, கைபேசியை அறையின் வெவ்வேறு மூலைகளில் வைத்து அதே பாட்டைப் பதிந்து கேளுங்கள். எங்கே வைத்தால் குரலும் டிரம்ஸும் ஒன்றை ஒன்று விழுங்காமல் இருக்கின்றன என்பது காசில்லாமலே புலப்படும்.

டிரம்ஸுக்கு மூன்று மைக் கிடைத்தால், ஒன்றைக் காலால் மிதிக்கும் கிக் டிரம் அருகிலும், ஒன்றை ஸ்நேர் பக்கத்திலும், மற்றொன்றை வாசிப்பவரின் தலைக்கு மேலேயும் வைத்துத் தொடங்கலாம். குரலைச் சிறு ஆம்ப் வழியாக அனுப்ப ஆசைப்பட்டால், பாடுபவரின் மைக்கும் அந்த ஆம்ப்பும் ஒரே அறையில் எதிரெதிரே இருக்கக் கூடாது. ஒலி திரும்பத் திரும்ப மைக்குக்குள் நுழைந்து ஊளையிடத் தொடங்கிவிடும். ஆம்ப்பை அடுத்த அறையில் வைத்துக் கதவைச் சாத்துங்கள். நான் இதைக் குளியலறைக்குள் வைத்துச் செய்து பார்த்தேன். ஓட்டுச் சுவரின் எதிரொலி சேர்ந்துகொண்டு பாட்டு கோயில் மண்டபத்தில் ஒலித்ததுபோல் ஆயிற்று. போர்வை இரண்டைத் தொங்கவிட்ட பிறகே சரியானது.

உங்களிடம் சொல்லப்போகும் குறைகள்

இந்த ஆல்பம் பிடித்திருக்கிறது என்று நாலு பேரிடம் சொன்னால், விவரம் தெரிந்த ஒருவர் கட்டாயம் மறுப்பார். பணக்கார வீட்டுப் பிள்ளைகள் ஏழை வேடம் போட்டார்கள் என்பது முதல் புகார். காசாபிளாங்காஸின் தந்தை எலீட் என்ற மாடலிங் நிறுவனத்தைத் தொடங்கியவர். ஹாமண்டின் தந்தை புகழ்பெற்ற பாடலாசிரியர். இருவரும் முதலில் சந்தித்தது சுவிட்சர்லாந்தின் லே ரோஸே என்ற விலையுயர்ந்த விடுதிப் பள்ளியில். எல்லாம் உண்மை. கேரேஜ் என்பது சாதிச் சான்றிதழ் இல்லையே என்பதற்கு மேல் நான் வாதாட மாட்டேன்.

இரண்டாவது புகார் நகல். 'லாஸ்ட் நைட்' தொடக்கம் அமெரிக்க ராக் பாடகர் டாம் பெட்டியின் 1970-களின் 'அமெரிக்கன் கேர்ள்' பாட்டை நினைவூட்டும் என்பது இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்ட எவருக்கும் தெரியும். குழுவினரே அதை ஒப்புக்கொண்டார்கள். பெட்டியும் அது தமக்குச் சிரிப்பை வரவழைத்ததாகச் சொல்லி, வழக்குத் தொடராமல் விட்டுவிட்டார். நீங்களும் இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டுப் பாருங்கள், நல்ல பயிற்சி. தொடக்க மீட்டல் ஒன்றுபோல இருந்தும், பெட்டியின் பாட்டு நெடுஞ்சாலையில் கண்ணாடியை இறக்கிவிட்டுப் போவதுபோல் விரிகிறது. இவர்களுடையது படிக்கட்டிலேயே நின்று சண்டை போடுகிறது.

மூன்றாவது, வெறும் பத்திரிகைக் கூச்சல் என்பது. பிரிட்டனில் விற்பனைப் பட்டியலில் 2-ஆம் இடம், அமெரிக்காவில் 33-தான் என்பதைப் பார்த்தால் கூச்சல் எந்தக் கரையில் அதிகம் என்பது தெரியும். ஆனாலும் 2009-இல் பிரிட்டனின் என்எம்இ இதழ் அந்தப் பத்தாண்டின் தலைசிறந்த ஆல்பமாக இதையே தேர்ந்தெடுத்தபோது, முதல் கூச்சல் அடங்கி எட்டு ஆண்டுகள் ஆகியிருந்தன.

அடுத்து எங்கே போவது

பின்னோக்கி ஒன்று, முன்னோக்கி ஒன்று என்று மாறி மாறிப் போவது அலுப்பில்லாத வழி. பின்னோக்கி வெல்வெட் அண்டர்கிரவுண்ட் குழுவின் 1967-ஆம் ஆண்டு முதல் ஆல்பம். 'தி மாடர்ன் ஏஜ்' பாட்டின் தடதடப்பு எங்கிருந்து வந்தது என்பதை அங்கே கண்டுகொள்வீர்கள். அதன் பிறகு டெலிவிஷன் குழுவின் முதல் ஆல்பம், 1977. இரண்டு கிட்டார்கள் பேசிக்கொள்ளும் கலைக்கு நியூ யார்க்கின் மூலப்பாடம். சோனிக்ஸ் குழுவை அதற்கும் பிறகு வைத்துக்கொள்ளுங்கள், எடுத்த எடுப்பில் காது தாங்காது.

முன்னோக்கிச் சென்றால் ஆர்க்டிக் மங்கீஸ். ஷெஃபீல்டைச் சேர்ந்த அந்தப் பையன்களின் முதல் ஆல்பம் 2006 ஜனவரியில் வெளியாகி, பிரிட்டனில் முதல் வாரத்திலேயே 3,63,735 பிரதிகள் விற்றது. சொற்கள் கொட்டுகின்றன, வேகம் இரட்டிப்பு. பல ஆண்டு கழித்து 2018-இல், தாம் ஸ்ட்ரோக்ஸ் குழுவில் ஒருவராக இருக்கத்தான் ஆசைப்பட்டதாக அதன் பாடகர் ஒரு பாட்டின் முதல் வரியிலேயே பாடிவிட்டார். டெட்ராய்ட் நகரின் ஒயிட் ஸ்ட்ரைப்ஸ் 1999-இல் வெளியிட்ட முதல் ஆல்பத்தையும் விட்டுவிடாதீர்கள்; அங்கே இரண்டே பேர், பேஸ் கிட்டாரே கிடையாது.

பேஸ் இல்லாத அந்த ஆல்பத்தை முழுவதும் கேட்டுவிட்டு, அதே நாளில் 'இஸ் திஸ் இட்' ஆல்பத்தின் முதல் பாட்டுக்குத் திரும்பி வாருங்கள். தொடக்கத்தில் டேப் சுழல்வதுபோன்ற சிறு ஒலி. பிறகு, முதல் ஆல்பத்தின் முதல் பாட்டு என்றால் அடித்து நொறுக்க வேண்டும் என்ற வழக்கத்துக்கு மாறாக, மெதுவான, கொட்டாவி விடுவதுபோன்ற ஒரு பாட்டு. குரல் களைத்துப்போய் நிற்க, கிட்டார்கள் ஒதுங்கிக்கொள்ள, ஃப்ரேச்சரின் பேஸ் மட்டும் படியேறி இறங்கி, யாரும் கேட்காவிட்டாலும் பரவாயில்லை என்பதுபோல் தன் போக்கில் பாடிக்கொண்டு போகிறது. முதல் சுற்றில் அது இருந்ததே உங்களுக்குத் தெரிந்திருக்காது. இரண்டரை நிமிடம்தான், இன்னொரு தடவை போடுங்கள்.